மாமாவோட டாரஸுக்கு எந்த சைலன்சர்? ஒரு புகைக்குழாயின் வரலாறு

2025 ஜூலைல செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்ததுலேர்ந்து, "செஞ்சி பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்க"ன்னு நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க. இன்னைக்கு செஞ்சிப் பக்கம்தான் போறோம். ஆனா ராஜகிரி மேல ஏறப் போறதில்ல. ஒரு லாரிக்கு அடியில படுக்கப் போறோம்.

செஞ்சி தாலுகாவுல மேல்சித்தாமூர்னு ஒரு ஊர். தமிழ்ச் சமணர்களோட தலைமை மடம் இருக்கிற ஊர். பார்சுவநாதர் கோயில், பாறையில செதுக்கின தீர்த்தங்கரர் சிற்பங்கள் எல்லாம் அங்க இருக்கு. அதைப் பத்தி தனியா ஒரு எபிசோட் பண்ணணும். எனக்கு அது மாமா ஊரு. அம்மாவோட தம்பி. முப்பது வருஷத்துக்கு மேல லாரி ஓட்டுறார். இப்ப சொந்தமா ஒரு பத்து சக்கர லாரி வச்சிருக்கார், 2008 மாடல். எந்த கம்பெனி வண்டியா இருந்தாலும் பத்து சக்கரம்னா எங்க ஊர்ல அது "டாரஸ்"தான். செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துலேர்ந்து ஆரணி ரைஸ் மில்லுக்கு நெல் ஏத்துறது, நடுநடுவுல பெங்களூரு, சேலம்னு கிடைக்கிற லோடு. அதுதான் குடும்பத்துக்கு சோறு.

ஒரு சனிக்கிழமை காலைல போன். "மாப்ள, சைலன்சர் ரோட்டுல விழுந்துட்சிடா. கிளீனர் பையன் ஓடிப் போய் எடுத்துனு வந்தான். உள்ள ஒண்ணுமே இல்ல, வெறும் துரு. மூணு வாரத்துல எஃப்சி வருது. நீதான் இஞ்சினியர் படிச்சவனாச்சே, எதை மாட்டுறதுன்னு சொல்லு."

நான் படிச்சது மெக்கானிக்கல். எழுதுறது சாஃப்ட்வேர். இருந்தாலும் மாமா கேட்டா சொல்லித்தானே ஆகணும்.

அவர் முன்னாடி மூணு வழி இருந்துச்சு. முதல் வழி, கம்பெனி பாகம். விலை அதிகம், ஆர்டர் போட்டு காத்திருக்கணும். ரெண்டாவது, வெளி மார்க்கெட்ல கிடைக்கிற, அதே அளவுல செஞ்ச சைலன்சர். கிட்டத்தட்ட பாதி விலை. மூணாவது, பட்டறைக்காரர் சொன்ன யோசனை: "சைலன்சரே வேணாம்ணே. நாலு இஞ்சு பைப்பை நேரா வெல்டு பண்ணி பின்னாடி விட்டுடறேன். வண்டி ஃப்ரீயா மூச்சு விடும். மைலேஜ் ஏறும், பிக்கப் ஏறும்."

மாமாவுக்கு மூணாவது மேலதான் ஆசை. எனக்கு அது தப்புன்னு தோணுச்சு, ஆனா ஏன்னு உடனே சொல்லத் தெரியல. அதைத் தேடிப் போனதுல கிடைச்ச கதைதான் இந்த எபிசோட்.

அந்த டப்பா என்ன வேலை செய்யுது?

முதல்ல கொஞ்சம் கணக்கு, பயப்படாதீங்க. நாலு ஸ்ட்ரோக் இஞ்சின்ல ஒரு சிலிண்டர் ரெண்டு சுத்துக்கு ஒரு தடவை வெடிக்கும். ஆறு சிலிண்டர்னா ஒரு சுத்துக்கு மூணு வெடிப்பு. இஞ்சின் நிமிஷத்துக்கு 2000 சுத்துல ஓடுதுன்னு வைங்க. அப்ப நிமிஷத்துக்கு 6000 வெடிப்பு, வினாடிக்கு 100. ஒவ்வொரு தடவையும் சூடான வாயு ஒரு அடி அடிச்சிட்டு வெளிய வருது. நமக்குக் கேக்குற அந்த கனமான "டுர்ர்ர்" சத்தத்தோட அடிப்படை இந்த 100 ஹெர்ட்ஸ்தான்.

சத்தம்ங்கிறது அலை. 300 டிகிரி சூட்டுல இருக்கிற வாயுல ஒலி வினாடிக்கு சுமார் 480 மீட்டர் போகும். அப்படின்னா 100 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் 4.8 மீட்டர். குறுகலான குழாய்லேர்ந்து திடீர்னு ஒரு பெரிய அறைக்குள்ள அலை நுழைஞ்சா, அதுல ஒரு பகுதி திரும்பி வந்து, பின்னாடி வர்ற அலையோட மோதி அடங்கிடும். இதுக்கு அந்த அறை அலை நீளத்துல நாலுல ஒரு பங்கு இருந்தா ரொம்ப நல்லது. 4.8ஐ நாலால வகுத்தா 1.2 மீட்டர். லாரி சைலன்சர் ஏன் கிட்டத்தட்ட ஒரு ஆள் கைய விரிச்சுத் தூக்குற நீளத்துல இருக்குன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. உள்ள இருக்கிற ஓட்டை போட்ட குழாயும் தடுப்புத் தகடும் மத்த அலைகளை அடக்கும்.

இந்த யோசனைக்கு வயசு நூறுக்கு மேல. அமெரிக்காவுல இண்டியானாவைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் 1897லயே வண்டி இஞ்சினுக்கான சைலன்சருக்கு காப்புரிமை வாங்கினாங்க. ஆனா ஆரம்ப கால வண்டிகள்ல "கட்-அவுட்"னு இன்னொரு சமாசாரமும் இருந்துச்சு. கால்கிட்ட ஒரு லீவர். அதை அமுக்குனா வாயு சைலன்சருக்குப் போகாம நேரா வெளிய போயிடும். மேடு ஏறும்போது கொஞ்சம் கூடுதல் சக்தி வேணும்னு வச்சது. ஜனங்க என்ன பண்ணாங்க? ஊருக்குள்ளயும் திறந்து விட்டுட்டு ஓட்டினாங்க. கடைசியில ஊர் ஊரா அதைத் தடை பண்ண வேண்டியதாப் போச்சு.

பட்டறைக்காரர் சொன்ன நேர் பைப் யோசனை இருக்கே, அது புதுசு இல்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடியே போட்ட சண்டை அது.

வண்டியில எதையாவது மாட்டுறது நம்ம பழக்கம்

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். வெளியிலேர்ந்து ஒரு சாமானை வாங்கி வண்டியில மாட்டுறது தமிழ்நாட்டுக்குப் பழக்கமான விஷயம். இரண்டாம் உலகப் போர் நேரத்துல பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தப்போ, சென்னை மாகாணத்துல பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு பெரிய உருளையை மாட்டி, அதுல மரக்கரியை எரிச்சு, வர்ற வாயுல இஞ்சினை ஓட்டினாங்க. உங்க வீட்டுத் தாத்தா பாட்டி "கரி பஸ்"னு சொல்லிக் கேட்டிருக்கலாம். டி.வி. சுந்தரம் அய்யங்காரோட நிறுவனம் அந்த கேஸ் பிளான்டைத் தயாரிச்சு வித்தது. பின்னாடி பெரிய வாகனக் குழுமமா வளர்ந்த டிவிஎஸ்தான் அது.

சுதந்திரத்துக்கு அப்புறம் 1948ல அசோக் மோட்டார்ஸ் ஆரம்பமாச்சு. எண்ணூர்ல ஆஸ்டின் கார்களைப் பொருத்துறதுதான் முதல் வேலை. அப்புறம் பிரிட்டன் லேலண்டோட கை கோத்து காமெட் லாரிகளைப் பொருத்த ஆரம்பிச்சாங்க. 1955ல பேரே அசோக் லேலண்ட் ஆயிடுச்சு. அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 1954ல ஜாம்ஷெட்பூர்ல டாடா, ஜெர்மனி டைம்லர்-பென்ஸோட சேர்ந்து லாரி செய்ய ஆரம்பிச்சது. அந்த ஒப்பந்தம் 15 வருஷம், 1969ல முடிஞ்சுது. அதுக்கப்புறம்தான் முகப்புல பென்ஸ் நட்சத்திரம் போய் டாடா எழுத்து வந்தது. இன்னைக்கும் பழைய டிரைவர்கள் சிலர் டாடா லாரியை "பென்ஸ் வண்டி"ன்னு சொல்றது அதனாலதான்.

டாடா 1210ங்கிற பேர்ல ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. 12 டன் மொத்த எடை, சுமார் 100 குதிரை சக்தி. அந்தக் குடும்பத்துல வந்த 697ங்கிற இஞ்சின்ல 6ன்னா ஆறு சிலிண்டர், 97ன்னா சிலிண்டரோட விட்டம் 97 மில்லிமீட்டர். கொள்ளளவு 5675 சிசி. இந்த இஞ்சின்கள்ல கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. டீசல் பம்ப், நாசில், அவ்வளவுதான். வெளிய வர்ற வாயுவுக்கும் ஒரு மேனிஃபோல்டு, ஒரு பைப், ஒரு டப்பா. தகரம் வளைக்கத் தெரிஞ்ச யாரும் அதைச் செஞ்சிடலாம்.

அது மட்டும் இல்ல. அப்பல்லாம் கம்பெனியிலேர்ந்து முழு லாரி வராது. சேசிஸும் முன்னாடி ஒரு முகப்புத் தகடும் மட்டும்தான் வரும். அதை ஓட்டிட்டு வர்ற டிரைவர் தலையில துண்டைக் கட்டிக்கிட்டு வெயில்ல உக்காந்து வருவார். கேபின், பாடி எல்லாம் இங்கதான் கட்டணும். நாமக்கல்ல லாரி பாடி, கரூர்ல பஸ் பாடி, திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக் வண்டி. பெரிய தொழிலே அதுல வளர்ந்துச்சு. வண்டியில பாதியை நம்மாளு கட்டும்போது, சைலன்சரையும் நம்மாளு கட்டுறது யாருக்கும் தப்பாவே தெரியல. மாமா வண்டி ஓட்டக் கத்துக்கிட்டது அந்தக் காலத்துலதான். அவரைப் பொறுத்தவரைக்கும் லாரிங்கிறது முடிஞ்சு போன பொருள் இல்ல, ஓட்டுறவன் தனக்கு ஏத்த மாதிரி சரி பண்ணிக்கிற பொருள்.

ஒரே ஒரு வாக்கியம்

ஆனா சட்டம் அப்படிப் பாக்கல. 1939ல வந்த மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பதிலா 1988 சட்டம் வந்தது. அதோட சேர்ந்து மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. இதுல 120வது விதி சைலன்சர் பத்தினது. ரொம்ப எளிமையான விதி அது. ஒவ்வொரு வண்டியிலயும், வாயு வெளியேறும்போது வர்ற சத்தத்தை, விரிவு அறை மூலமாவோ வேற வழியிலயோ முடிஞ்ச அளவுக்குக் குறைக்கிற ஒரு சாதனம் இருக்கணும். நாம மேல பாத்த அந்த 1.2 மீட்டர் கணக்கு சட்டத்துக்குள்ளயே உக்காந்திருக்கு!

112வது விதி இன்னும் சுவாரசியம். புகை கீழ்ப்பக்கமும் போகக் கூடாது, இடது பக்கமும் போகக் கூடாது. பின்னாடியோ வலது பக்கமோதான் போகணும். நாம ரோட்டோட இடது பக்கம் வண்டி ஓட்டுற நாடு. அப்ப லாரிக்கு இடது பக்கம் யார் இருப்பா? நடந்து போறவங்க, சைக்கிள்ல போறவங்க, பஸ்ஸுக்கு நிக்கிறவங்க. இதைப் படிச்சதும் செஞ்சி கூட்ரோட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைங்கதான் எனக்கு ஞாபகத்துக்கு வந்தாங்க.

சட்டத்தோட 52வது பிரிவு, வண்டியோட அடிப்படை அமைப்பை மாத்துறது பத்தினது. 2000த்துல வந்த திருத்தம் அதை இறுக்குச்சு: தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரளாவுலேர்ந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியா சொல்லுச்சு. அதே வருஷம் நடந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு வந்தது. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். சத்தம், புகை வரம்பை மீறி ஓட்டுனா 190வது பிரிவுல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம், லைசென்ஸும் மூணு மாசம் போகும்.

தேய்ஞ்ச பாகத்தைக் கழட்டிட்டு அதே அளவுல, அதே வேலை செய்யுற பாகத்தைப் போடுறது வேற. பாகத்தையே எடுத்துட்டு நேர் பைப் விடுறது வேற. முதல் ரெண்டு வழியும் ரிப்பேர். மூணாவது மாற்றம்.

இதை மாமாகிட்ட சொன்னேன். "அடப் போடா, பிரேக் இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் பக்கத்து வண்டி சைலன்சரைக் கழட்டி மாட்டிக்கலாம்"னார். சட்டம் பேசி அவரை ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு.

புகை எங்கேர்ந்து வருது?

அந்த வாரக் கடைசியில நான் ஊருக்கே போயிட்டேன். சென்னையிலேர்ந்து திண்டிவனம், அங்கேர்ந்து செஞ்சி ரோடு. வண்டி வீட்டு முன்னாடி நின்னுட்டிருந்துச்சு. மாமா ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதிச்சார். கரும்புகை வேப்பமரம் வரைக்கும் போச்சு. "பாத்தியா, சைலன்சர் இல்லாததால புகை"ன்னார்.

இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க. இந்தத் தலைமுறை வண்டியில சைலன்சர் சத்தத்தைத்தான் பாத்துக்கும். புகையை அது உண்டாக்குறதும் இல்ல, வடிகட்டுறதும் இல்ல. கரும்புகைன்னா எரியாத கரி. டீசல் அதிகமாகவோ காத்து கம்மியாகவோ உள்ள போகுதுன்னு அர்த்தம். அடைச்சுக்கிட்ட ஏர் ஃபில்டர், தேய்ஞ்ச நாசில், பிக்கப்புக்காக யாரோ முறுக்கி விட்ட பம்ப், இதுல ஏதாவது ஒண்ணு காரணமா இருக்கும்.

பிக்கப் ஏறும்ங்கிற பேச்சுக்கும் இங்கயே பதில் இருக்கு. பழைய டீசல் இஞ்சின்ல உச்ச சக்தி எவ்வளவுங்கிறதை டீசல் பம்ப்தான் தீர்மானிக்குது. ஒரு தடவைக்கு எவ்வளவு டீசல் போகணும்னு அதுலதான் அளவு வச்சிருக்காங்க. அந்த அளவை மாத்தாம பைப்பை மட்டும் திறந்து விட்டா கிடைக்கிற லாபம் ரொம்பச் சின்னது. நல்ல நிலைமையில இருக்கிற சைலன்சர் இஞ்சினோட கழுத்தை நெரிக்கிறதில்ல. உள்தகடு துருப்பிடிச்சு சாஞ்சு வழியை அடைச்ச சைலன்சர்தான் நெரிக்கும். அதைக் கழட்டிட்டு நேர் பைப் போட்டதும் வண்டி பறக்குற மாதிரி இருக்கும். ஆனா புது சைலன்சர் போட்டிருந்தாலும் அதே மாதிரிதான் பறந்திருக்கும்.

மாமா வண்டியில டர்போவும் இருக்கு. வெளிய போற வாயுவை வச்சே ஒரு சக்கரத்தைச் சுத்தி, கூடுதல் காத்தை உள்ள அமுக்குற யோசனை. சுவிட்சர்லாந்து இஞ்சினியர் ஆல்ஃப்ரெட் பூஹி 1905லயே இதுக்கு காப்புரிமை வாங்கிட்டார். டர்போ வண்டியில, டர்போவைத் தாண்டி வர்ற பைப்போட விட்டம் முக்கியம். ஒரிஜினலை விட சின்ன பைப் மாட்டிட்டா பின்னழுத்தம் ஏறும், சூடு ஏறும். மலிவு சைலன்சர்ல பாக்க வேண்டிய முதல் விஷயம் அதுதான்.

அடுத்து துரு. ஒரு தலைமுறைக்கு முன்னாடி சைலன்சர் ஏன் அவ்வளவு சீக்கிரம் ஓட்டை விழுந்துச்சு? 1990கள்ல நம்ம டீசல்ல கந்தகம் 1 சதவீதம் வரைக்கும் இருந்துச்சு. கந்தகம் எரிஞ்சு, வாயுல இருக்கிற நீராவியோட சேர்ந்தா அமிலம். வண்டி நின்னு ஆறும்போது அது சைலன்சருக்குள்ள தேங்கி தகட்டைத் தின்னும். 2000த்துல 0.25 சதவீதமாக் குறைச்சாங்க. அப்புறம் பாரத் ஸ்டேஜ் விதிகள் படிப்படியா வந்தது. 2017 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தப்போ டீசல்ல பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு கந்தகம். 2020 ஏப்ரல்ல பிஎஸ் 6 வந்தப்போ 10 பங்கு. பழைய 1 சதவீதத்தோட ஒப்பிட்டா ஆயிரத்துல ஒரு பங்கு! மாமா வண்டி 2008 மாடல்தான், ஆனா இன்னைக்கு அது குடிக்கிறது பிஎஸ் 6 டீசல். அதனால, அலுமினியப் பூச்சு போட்ட எஃகுத் தகட்டுல செஞ்ச ஒரு நல்ல சைலன்சர், அந்தக் காலத்து சைலன்சரை விட ரொம்ப நாள் உழைக்கும்னு எதிர்பாக்கலாம். வெறும் இரும்புத் தகட்டுக்கு மேல வெள்ளி பெயின்ட் அடிச்சதை வாங்கினா அந்த லாபம் போச்சு.

புகையைப் பத்தி இன்னொரு தேதியும் சொல்லணும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன்ல, டீசல் புகை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா சொல்லி முதல் பிரிவுல சேர்த்துச்சு. 1988ல அதே அமைப்பு "அநேகமாக உண்டாக்கும்"னு மட்டும் சொல்லியிருந்துச்சு. இந்தப் புகையை முதல்ல சுவாசிக்கிறது யாரு? முப்பது வருஷமா அதுக்கு மேலயே உக்காந்திருக்கிற டிரைவர்.

காது

அன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது டிவி அலறிட்டு இருந்துச்சு. நான் குறைச்சேன். மாமா ரிமோட்டை எடுத்து திரும்ப ஏத்துனார். அத்தை என்னைப் பாத்து, "உங்க மாமாவுக்கு இப்பல்லாம் சரியா கேக்கறதில்லடா. பேத்தி பேசுனா என்னன்னு எங்கிட்ட கேக்குறாரு"ன்னாங்க. காது டெஸ்ட் எடுத்ததாம். வருஷக்கணக்கா சத்தத்துலயே இருந்ததால வந்ததுன்னு டாக்டர் சொன்னாராம். இதை மாமா எங்கிட்ட சொல்லவே இல்ல.

நீங்க ஆபீஸ்ல ஹெட்போன் மாட்டிட்டு இருக்கும்போது இதைக் கேட்டுட்டு இருந்தா, இந்தக் கணக்கு உங்களுக்கும்தான். அமெரிக்காவோட தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்ற அளவு: 85 டெசிபல் சத்தத்துல ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். 3 டெசிபல் ஏறுனா ஒலியோட ஆற்றல் ரெண்டு மடங்கு, அதனால நேரம் பாதி. 88ன்னா 4 மணி. 91ன்னா 2 மணி. 94ன்னா ஒரே மணி நேரம். இப்படி சத்தத்தால போற காது முதல்ல உச்ச சுருதியைத்தான் இழக்கும், 4000 ஹெர்ட்ஸ் பக்கம். ஆம்பளைக் குரல் கேக்கும். சின்னப் பிள்ளைங்க குரலும், "ச", "ஸ" மாதிரி எழுத்துகளும்தான் முதல்ல மங்கும். அத்தை சொன்னதும் அதுதான்.

மறுநாள் காலைல சைலன்சர் இல்லாத வண்டியில நானும் ஏறி, செஞ்சி வரைக்கும் போனேன். போன்ல இருக்கிற ஆப்பை வச்சு கேபின்ல அளந்தேன். அது துல்லியமான கருவி இல்ல, இருந்தாலும் பெரும்பாலும் 94க்கு மேலதான் காட்டுச்சு. செஞ்சியில இறங்கினதும் காகிதத்துல அந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். ஒரு மணி நேரம்தான் தாங்கும் மாமா, நீங்க ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுறீங்கன்னு கேட்டேன். காகிதத்தையே பாத்துட்டு இருந்தார். "தொண்ணூறுகள்ல மூணு வருஷம் சைலன்சர் ஓட்டையாவே ஓட்டியிருக்கேன்டா. ஓனர் மாத்தித் தரல. நானும் கேக்கல. சத்தம் வந்தாதான் கெத்துன்னு நெனச்சேன்"னார்.

சட்டம் சொன்னப்போ சிரிச்ச மனுஷன், இதுக்கு சிரிக்கல.

தொப்பூர்ல ஒரு கேள்வி

இன்னொரு விஷயத்தை பட்டறைக்காரரே சொல்லாம விட்டுட்டார். மாமா வண்டியில எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கு. புகை போற பைப்புக்குள்ள ஒரு வட்டத் தகடு. சுவிட்சைப் போட்டா அது குறுக்கே மூடிக்கும். வாயு வெளிய போக முடியாம இஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தப் பாக்கும். சக்கரத்துல இருக்கிற பிரேக் சூடாகாது.

பெங்களூரு பக்கத்துலேர்ந்து சேலத்துக்கு லோடோட வர்றவங்களுக்கு தருமபுரியைத் தாண்டினதும் தொப்பூர் கணவாய். இறக்கத்துல பிரேக் பிடிக்காம லாரிகள் முன்னாடி போற வண்டிகள் மேல மோதுற செய்தியை நீங்க பல தடவை படிச்சிருப்பீங்க. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல இறக்குறதும், பிரேக்கை மட்டும் நம்பி அதைச் சூடாக்குறதும் அங்க பெரிய ஆபத்து. அந்த இடத்துல எக்ஸாஸ்ட் பிரேக் உயிரைக் காப்பாத்துற சாமான். நேர் பைப் வெல்டிங் பண்றப்போ பல இடத்துல அந்த வால்வையும் சேத்து வெட்டி எறிஞ்சிடறாங்க, இல்ல கம்பியைக் கழட்டி விட்டுடறாங்க. "அந்த பட்டர்ஃப்ளையை என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன். பட்டறைக்காரர் யோசிச்சுட்டு, "அது எதுக்குங்க, யாரு யூஸ் பண்றா"ன்னார். மாமா உடனே, "யோவ், தொப்பூர்ல நான் யூஸ் பண்றேன்யா"ன்னார். நேர் பைப் பேச்சு அதோட முடிஞ்சுது.

கடைசியில என்ன மாட்டினோம்

ரெண்டாவது வழிதான். வெளி மார்க்கெட் சைலன்சர், ஆனா பாத்து வாங்கினது. கழட்டின பழைய பைப்பையே கடைக்கு எடுத்துட்டுப் போனோம். உள்விட்டம் அதேயான்னு அளந்தோம். நீளம் அதே. ரெண்டு கடைல பாத்துட்டு, அலுமினியப் பூச்சுத் தகடுல செஞ்சதா, மடிப்புத் தையல் முழுசா மூடியிருக்கான்னு பாத்து எடுத்தோம். கையில ஆட்டிப் பாத்தோம், உள்ள எதுவும் கடகடன்னு ஆடக் கூடாது. இஞ்சின் அதிர்வு சைலன்சருக்குப் போகாம இருக்க நடுவுல வர்ற ஃப்ளெக்சிபிள் பைப், கேஸ்கட், கிளாம்ப், ரப்பர் தாங்கி எல்லாம் புதுசு. பழைய சைலன்சர் விழுந்ததுக்குத் துரு மட்டும் காரணமில்ல, ஒரு தாங்கி அறுந்து தொங்கிட்டு இருந்திருக்கு. புகை வாய் பின்பக்கம் பாக்குற மாதிரி வச்சோம். 113வது விதிப்படி டீசல் குழாய்லேர்ந்து குறைஞ்சது 35 மில்லிமீட்டர் தள்ளி இருக்கான்னும் ஸ்கேல் வச்சுப் பாத்தேன். மாமா, "கம்ப்யூட்டர் வேலைக்காரன் கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கான்"னு கிளீனர்கிட்ட சொல்லிச் சிரிச்சார்.

நேர் பைப்புக்கும் இதுக்கும் விலை வித்தியாசம் இருந்துச்சு. அதோட இன்னும் கொஞ்சம் சேத்து நாசில் சர்வீஸ், புது ஏர் ஃபில்டர், பம்பைப் பழைய அளவுக்கே திரும்ப வைக்கிறதுன்னு செலவு பண்ணோம். புகைச் சோதனையில, நியூட்ரல்ல ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சு, புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்குதுன்னு பாப்பாங்க. பிஎஸ் 4க்கு முந்தைய டீசல் வண்டிக்கு வரம்பு 2.45. நாசில் வேலைக்கு முன்னாடி மாமா வண்டி 3ஐத் தாண்டி இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் 2க்குக் கீழ வந்துடுச்சு. எஃப்சி கிடைச்சுது. எட்டு வருஷத்துக்கு மேலான வண்டிங்கிறதால அடுத்த வருஷமும் போகணும்.

ஒரு விஷயம் சொல்லி முடிக்கிறேன். இந்த மாதிரி "எந்த சைலன்சர்"னு கேக்குற கேள்வியே இந்தத் தலைமுறை லாரியோட முடியுது. 2020க்கு அப்புறம் வர்ற பிஎஸ் 6 லாரியில அந்த டப்பாவுக்குள்ள வினையூக்கி இருக்கு, கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கு, பல வண்டிகள்ல யூரியா கரைசலைத் தெளிக்கிற அமைப்பும் இருக்கு. சூட்டையும் வாயுவையும் அளக்குற சென்சார்கள் இஞ்சின் கம்ப்யூட்டரோட பேசிட்டே இருக்கும். அதைக் கழட்டி நேர் பைப் மாட்டினா இஞ்சினே சக்தியைக் குறைச்சுக்கும். 1210 காலத்துல தகரப் பட்டறையில இருந்த முடிவு, இப்ப வண்டிக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்கிட்ட போயிடுச்சு. மாமா வண்டி நடுவுல நிக்குது. அதுல இன்னும் மனுஷன்தான் முடிவு எடுக்கணும். அந்த முடிவுல அவர் காதும் இருக்கு, இடது பக்கம் நிக்கிற பிள்ளைங்க நுரையீரலும் இருக்கு, தொப்பூர்ல முன்னாடி போற காரும் இருக்கு.

ரெண்டு வாரம் கழிச்சு மாமா போன் பண்ணார். ஆரணிலேர்ந்து வந்துட்டு இருந்தார். "மைலேஜ் அதேதான் மாப்ள, ஒண்ணும் குறையல"ன்னார். வண்டி ஓடிட்டு இருக்கும்போதே ஓரமா நிறுத்தாம பேசுறாரேன்னு திட்டலாம்னு நெனச்சேன். "கிளீனர்தான் போனைப் பிடிச்சுனு இருக்கான், ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். நீ பேசுறது கேக்குதுடா"ன்னார்.

உங்க வீட்லயும் லாரி, பஸ், டிராக்டர் ஓட்டுறவங்க இருந்தா இந்த எபிசோடை அவங்களுக்குப் போட்டுக் காட்டுங்க, முடிஞ்சா ஒரு காது டெஸ்ட்டுக்கும் கூட்டிட்டுப் போங்க. அடுத்த எபிசோட்ல கண்டிப்பா மேல்சித்தாமூர் மடத்துக்குள்ள போவோம். அதுவரைக்கும், வணக்கம்.